ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் சர்க்கரை எதற்கு? செல் சவ்வைப் பொருள்கள் கடக்கும் வழிகள், படிப்படியாக

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் செல் சவ்வுப் பாடம் எடுக்கும்போது நான் முதலில் கரும்பலகைப் பக்கம் போவதில்லை. மருந்துக்கடையில் வாங்கிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, "வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற இதில் உப்பு இருக்கிறது, சரி. சர்க்கரை எதற்கு?" என்று கேட்பேன். "தெம்புக்கு சார்" என்பார்கள் பாதிப் பேர். "உப்புக் கரிக்காமல் இருக்க" என்பார்கள் மீதிப் பேர். ஒரு லிட்டர் கரைசலில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம். சுமார் 50 கலோரி, கிட்டத்தட்ட ஒரு இட்லி. அதில் என்ன பெரிய தெம்பு வந்துவிடப் போகிறது?

அந்தச் சர்க்கரை அங்கே இருப்பதற்குக் காரணம் செல் சவ்வில் இருக்கும் ஒரு விசித்திரமான கதவு. அந்தக் கதவு வரை போய்ச் சேர்வதற்குள் பாடத்தில் வரும் எல்லாக் கடத்தல் முறைகளையும் வழியிலேயே பார்த்துவிடலாம்.

முதல் படி: சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள்

அடுப்பங்கரையில் ஒரு சோதனை. தாளிக்கும் எண்ணெயில் ஒரு கல் உப்பைப் போடுங்கள். கரையாமல் அடியில் கிடக்கும். அதே எண்ணெயில் மஞ்சள் தூளைப் போட்டால் நிறம் எண்ணெயில் இறங்கிவிடும். செல் சவ்வைக் கடப்பது யார், வெளியே நிற்பது யார் என்கிற கேள்விக்கு முக்கால்வாசி விடை இதில் இருக்கிறது.

செல்லுக்கு வெளியே தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். நடுவில் மெல்லிய கொழுப்புப் படலம். அதன் கனம் சுமார் 5 நானோமீட்டர். இருபதாயிரம் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு தாளின் கனம் வரும். பாஸ்போலிப்பிடு என்ற மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரை வெறுக்கும் வால்கள் இரண்டு. வால்கள் உள்பக்கமாக ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு வரிசையாக அவை நிற்கின்றன. 1925இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர்மேல் பரப்பி அளந்தார்கள். செல்களின் பரப்பைப்போல இரண்டு மடங்கு வந்தது. ஆகவே இரண்டு அடுக்கு என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எடுத்த கொழுப்பும் குறைவு, கணக்கிட்ட செல் பரப்பும் குறைவு. இரண்டு தப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டியதால் விடை சரியாகிவிட்டது. தேர்வில் இப்படி நடந்தால் நான் மதிப்பெண் போடமாட்டேன்!

இந்தக் கொழுப்புக் கடலில் புரதங்கள் மிதக்கின்றன. 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் முன்வைத்த திரவ மொசைக் மாதிரி என்பது இதுதான். இனி வரும் கதவு, பம்ப், பாதை எல்லாமே இந்தப் புரதங்கள்.

இரண்டாம் படி: கதவே தேவைப்படாதவர்களை ஒதுக்குங்கள்

ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, ஆல்கஹால், ஸ்டீராய்டு ஹார்மோன்கள் எல்லாம் ஒன்று சிறியவை, இல்லையென்றால் கொழுப்பில் கரைபவை. படலத்துக்குள் நேராகப் புகுந்து மறுபக்கம் போய்விடும். அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்குப் போகும். யாரும் தள்ள வேண்டாம், செலவும் இல்லை. இதுதான் பரவல்.

பரவல் கிட்டத்தில் வெகு வேகம், தூரத்தில் வெகு மெத்தனம். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு தண்ணீரில் 10 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு செல்லின் அகலம் அளவுக்குப் பரவ ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். அதே மூலக்கூறு ஒரு சென்டிமீட்டர் பரவ ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும். தூரம் ஆயிரம் மடங்கானால் நேரம் பத்து லட்சம் மடங்காகிறது. செல்கள் ஏன் இத்தனை சிறியவை, நமக்கு ஏன் இதயமும் ரத்தக் குழாயும் தேவை என்பதெல்லாம் இந்த ஒரு கணக்குக்குள் அடங்கும்.

மூன்றாம் படி: தண்ணீரின் குணத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள்

ஒரு உருளைக்கிழங்கைத் தோல் சீவி, விரல் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் நறுக்குங்கள். ஒன்றை வெறும் தண்ணீர் உள்ள டம்ளரிலும், மற்றதை இரண்டு ஸ்பூன் உப்பு கரைத்த டம்ளரிலும் போட்டு, ஒரு மணி நேரம் மறந்துவிடுங்கள். அப்புறம் எடுத்து வளைத்துப் பாருங்கள். தண்ணீரில் கிடந்தது விறைத்துப்போய், வளைத்தால் பட்டென்று உடையும். உப்புத் தண்ணீரில் கிடந்தது ரப்பர் மாதிரி துவண்டு, விரலில் மோதிரமாகச் சுற்ற வரும். சமையலறைத் தராசு இருந்தால் முன்னும் பின்னும் எடை போடுங்கள். விறைத்தது கூடியிருக்கும், துவண்டது குறைந்திருக்கும்.

உப்பு உள்ளே புகுந்ததால் துண்டு துவண்டது என்று பலர் எழுதுகிறார்கள். அப்படி இல்லை. சவ்வு உப்பை எளிதில் விடாது, தண்ணீரை விடும். கரைபொருள் அதிகம் இருக்கும் பக்கம் நோக்கித் தண்ணீர் வெளியேறியதால்தான் துவண்டது. இதுவே சவ்வூடு பரவல். கீரைக்காரம்மா வாடிய கட்டின்மேல் தண்ணீர் தெளித்து நிமிர்த்துவதும், மாங்காயில் உப்பைப் போட்டதும் நீர் விடுவதும் இதே சங்கதிதான்.

தாவரச் செல்லுக்கு வெளியே உறுதியான செல் சுவர் உண்டு. எவ்வளவு தண்ணீர் புகுந்தாலும் விறைக்குமே தவிர வெடிக்காது. நம் சிவப்பணுவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. காய்ச்சி வடித்த நீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருந்தால் ரத்தத்தின் அடர்த்தியோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்.

இங்கே ஒன்றை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீரை நேரடியாகத் தள்ளும் பம்ப் எந்தச் செல்லிலும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. தண்ணீரை ஒரு பக்கம் கொண்டுபோக வேண்டுமானால், செல் முதலில் உப்பையோ வேறு கரைபொருளையோ அந்தப் பக்கம் அனுப்பும். தண்ணீர் தானாகப் பின்னால் போகும். ஓ.ஆர்.எஸ். கதையின் பாதி இதுதான்.

நான்காம் படி: திறந்த வாசல்களையும் சுழல் கதவுகளையும் பிரித்தறியுங்கள்

கொழுப்புப் படலம் வழியாகத் தண்ணீர் மெதுவாகத்தான் கசியும். ஆனால் சிறுநீரகமும் சிவப்பணுவும் அதைவிட எத்தனையோ மடங்கு வேகமாகத் தண்ணீரை விடுகின்றன. தனி வாசல் இருக்க வேண்டும் என்ற சந்தேகம் வெகுகாலமாக இருந்தது. 1992இல் பீட்டர் ஆக்ரே அந்தப் புரதத்தை நிரூபித்தார். பெயர் அக்குவாபோரின். ஒரு அக்குவாபோரின் வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையில் போகும். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின் ஒருவராகத்தான்.

2003 நோபல் பரிசை ஆக்ரேவுடன் பகிர்ந்துகொண்ட ராடரிக் மெக்கின்னன் பார்த்தது பொட்டாசியக் கால்வாய். அதில் ஒரு புதிர் உண்டு. பொட்டாசியம் அயனி (மின்னூட்டம் உள்ள அணு) பெரியது, சோடியம் அயனி சிறியது. பெரியது புகும் துளையில் சிறியது ஏன் புகவில்லை? அயனிகள் தண்ணீரில் தனியாக இருப்பதில்லை, சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டுதான் இருக்கும். துளைக்குள் நுழைய வேண்டுமானால் போர்வையைக் கழற்ற வேண்டும், கழற்ற ஆற்றல் வேண்டும். கால்வாயின் உட்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் சரியாகப் பொட்டாசியத்தின் அளவுக்கு அமைந்திருக்கின்றன. தண்ணீர் பிடித்திருந்த அதே பிடியை அவை கொடுப்பதால் பொட்டாசியத்துக்குப் போர்வை போனதே தெரியாது. சோடியம் சிறியது என்பதால் அந்த ஆக்சிஜன்களுக்கு எட்டாது, தொளதொளவென்று நிற்கும். போர்வையைக் கழற்றினால் நஷ்டம் என்று வெளியிலேயே நின்றுவிடும். இப்படித்தான் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்கூடச் சோடியத்தை விடாமல், நொடிக்குச் சுமார் 10 கோடி பொட்டாசியம் அயனிகளை அது விடுகிறது.

குளுக்கோஸ் போன்ற பெரிய ஆளுக்குத் திறந்த வாசல் ஒத்துவராது. அதற்குக் கடத்திப் புரதங்கள் இருக்கின்றன. வெளிப்பக்கம் வாய் திறந்து குளுக்கோஸைப் பிடித்து, உருவம் மாறி உள்பக்கம் வாய் திறந்து விட்டுவிடும். பெரிய ஓட்டல்களில் இருக்கும் சுழல் கதவு போல. கூட்டம் எவ்வளவு நெரித்தாலும் கதவு சுற்றும் வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் குளூட்-4 என்ற கதவுகளைச் செல் உள்ளேயே மூட்டை கட்டி வைத்திருக்கும். இன்சுலின் வந்து தட்டினால்தான் சவ்வுக்குக் கொண்டுவந்து பொருத்தும். சர்க்கரை நோயில் இன்சுலின் இல்லாமலோ, இருந்தும் எடுபடாமலோ போவதால் இந்த வேலை கெடுகிறது.

ஐந்தாம் படி: செலவு எங்கே ஆகிறது என்று கண்டுபிடியுங்கள்

இதுவரை சொன்ன எதற்கும் செல் ஒரு பைசா செலவழிக்கவில்லை. எல்லாம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் ஓட்டம். ஆனால் மேடு எங்கிருந்து வந்தது?

செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்குச் சுமார் 145 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு), உள்ளே 10 முதல் 15. பொட்டாசியம் அப்படியே தலைகீழ்: உள்ளே 140, வெளியே 4 அல்லது 5. சும்மா விட்டால் இந்த வித்தியாசம் கரைந்து சமமாகிவிடும். விடாமல் காப்பது சோடியம்-பொட்டாசியம் பம்ப். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஸ்கூ நண்டுக்கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்து 1957இல் இதை வெளியிட்டார். நோபல் பரிசு 1997இல்தான் வந்தது, நாற்பது வருடம் கழித்து!

பம்ப் வேலை செய்யும் விதம் இது. உள்பக்கம் வாய் திறந்திருக்கும்போது மூன்று சோடியம் வந்து உட்காரும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. என்ற மூலக்கூறு ஒரு பாஸ்பேட்டைப் புரதத்தின்மேல் ஒட்டிவிட்டுப் போகும். அந்த ஒட்டில் புரதம் உருவம் மாறி வெளிப்பக்கம் திறக்கும். மூன்று சோடியமும் வெளியே விழும். அந்த இடத்தில் வெளியிலிருந்து இரண்டு பொட்டாசியம் ஏறும். பாஸ்பேட் கழன்றதும் புரதம் பழைய உருவத்துக்குத் திரும்பி, பொட்டாசியத்தை உள்ளே இறக்கும். கால்வாயோடு ஒப்பிட்டால் இது ஆமை. நொடிக்குச் சில நூறு சுற்றுகளைத் தாண்டாது. ஆனால் ஒரு நிமிடமும் ஓய்வதில்லை. ஒரு சுற்றுக்கு மூன்று வெளியே, இரண்டு உள்ளே என்பதால் உள்பக்கம் கொஞ்சம் எதிர்மின்னாகவும் ஆகிறது. நரம்புச் செல்லில் சவ்வுக்கு இருபுறமும் உள்ள சுமார் 70 மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குப் பெரும்பங்கு காரணம் பொட்டாசியம் வெளியே கசிவதுதான். அந்தக் கசிவுக்குச் சரக்கு சேர்த்துவைப்பது பம்ப். 70 மில்லிவோல்ட் சின்னதாகத் தெரியும். 5 நானோமீட்டர் கனத்தில் அது இருக்கிறது என்று கணக்குப் போட்டால், மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட். மின்னல் வெட்டக் காற்றுக்குத் தேவைப்படுவதைவிட அதிகம்.

அரளியில் ஏன் விஷம் என்கிறார்கள் தெரியுமா? செவ்வரளியிலும் மஞ்சள் அரளியிலும் உள்ள நச்சுகள் நேராக இந்தப் பம்ப்பைத்தான் பிடித்து நிறுத்துகின்றன. இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். வேலியோரம் அரளி வைத்திருப்பவர்கள் மாட்டையும் குழந்தைகளையும் தள்ளியே வைக்க வேண்டும்.

ஆறாம் படி: மாடித் தொட்டிக் கணக்கு

இப்போது சர்க்கரைக்கு வரலாம். வீட்டில் மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புகிறோம். கரண்ட் செலவு அதற்கு மட்டும்தான். அப்புறம் குழாயைத் திறந்தால் மோட்டார் ஓடாமலே தண்ணீர் கொட்டும். சோடியம்-பொட்டாசியம் பம்ப் செய்வது தொட்டி நிரப்பும் வேலை. வெளியே தேக்கி வைத்த சோடியம் உள்ளே இறங்கத் துடித்துக்கொண்டிருக்கும். அந்த இறக்கத்தின் வேகத்தில் வேறு பொருள்களை ஏற்றி அனுப்பலாம்.

சிறுகுடலின் உட்சுவரில் வரிசையாக நிற்கும் செல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு முகம். முன்முகம் நாம் சாப்பிட்டது வரும் பக்கம், பின்முகம் ரத்தம் ஓடும் பக்கம். பம்ப் எல்லாம் பின்முகத்தில். முன்முகத்தில் எஸ்.ஜி.எல்.டி.-1 என்ற கதவு இருக்கிறது. வெளிப்பக்கம் திறந்திருக்கும்போது முதலில் இரண்டு சோடியம் அதில் போய் உட்காரும். அவை உட்கார்ந்தபிறகுதான் குளுக்கோஸுக்கான இருக்கை சரியாக அமையும். குளுக்கோஸும் ஏறியதும் கதவு உள்பக்கம் புரளும். செல்லுக்குள் சோடியம் குறைவு என்பதால் இரண்டும் உதிர்ந்துவிடும். குளுக்கோஸும் பிடி விட்டு இறங்கும். வெறும் கதவு திரும்ப வெளிப்பக்கம் புரளும். குளுக்கோஸ் வராவிட்டால் இந்த வழியில் சோடியமும் உள்ளே போகாது. ஜோடியாக வந்தால்தான் டிக்கெட்.

உள்ளே வந்த சோடியத்தைப் பின்முகப் பம்ப் ரத்தப் பக்கம் தள்ளுகிறது. குளுக்கோஸ் குளூட்-2 என்ற சுழல் கதவு வழியே அதே பக்கம் போகிறது. ரத்தப் பக்கம் கரைபொருள் கூடியதும், மூன்றாம் படியில் சொன்னபடி, தண்ணீர் பின்னாலேயே வந்துவிடுகிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே குடலில் புகுகின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் முன்வைத்தார்.

சிறுநீரகத்திலும் இந்தக் கதவின் உறவுக்காரன், எஸ்.ஜி.எல்.டி.-2, வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் கதவுகள் சுற்றி முடியாமல் மீதி சிறுநீரில் போய்விடும். எறும்பு மொய்ப்பது அதனால்தான். சர்க்கரை நோய்க்கு இன்று நிறையப் பேர் சாப்பிடும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை இந்தக் கதவை வேண்டுமென்றே அடைக்கிறது.

ஏழாம் படி: மூட்டையாகப் போவதும், காலராவும்

கிருமியையோ பெரிய புரதத்தையோ எந்தக் கதவாலும் விட முடியாது. சவ்வே குழிந்து, பொருளைச் சுற்றிக்கொண்டு, பை போல உள்ளே கழன்று விழும். வெள்ளணு கிருமியை விழுங்குவது இப்படி. இதற்கு நேர்மாறாக, உள்ளே இருக்கும் பை சவ்வோடு ஒட்டித் திறந்து சரக்கை வெளியே கொட்டுவதும் உண்டு. நரம்புமுனையில் சேதிப் பொருளும், குடலில் சளியும் அப்படித்தான் வெளியேறுகின்றன.

காலரா நச்சும் இந்த வழியைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறது. நச்சு தனியாக உண்டு என்று 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே காட்டினார். அது குடல் செல்லின் சவ்வில் உள்ள ஒரு கொழுப்பைப் பிடித்துக்கொண்டு, செல் தானே விழுங்கும்படி செய்கிறது. உள்ளே போனதும் ஒரு சுவிட்சை அணைய விடாமல் அழுத்திவிடுகிறது. முன்முகத்தில் உள்ள குளோரைடு கால்வாய் திறந்தபடியே நிற்கும். குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்னால் போக, தண்ணீரும் கூடவே போகும். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறலாம்.

ஆனால் எஸ்.ஜி.எல்.டி.-1 கதவை நச்சு தொடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் பயன் குறைவு, சர்க்கரை சேர்த்துக் கொடுத்தால் அந்தக் கதவு சுற்றும். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கரைத்த தண்ணீரை டிரம்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு, அப்படிச் சிகிச்சை பெற்ற 3,700க்கும் மேற்பட்டோரில் 3.6 சதவீதமாக இறங்கியது.

எட்டாம் படி: இப்போது பாக்கெட்டைப் பிரித்துக் கலக்குங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவு, ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. மொத்தம் 20.5 கிராம். மில்லிமோல் கணக்கில் சோடியமும் 75, குளுக்கோஸும் 75. மொத்த அடர்த்தி 245; ரத்தத்தின் சுமார் 290ஐவிடக் குறைவு. எனவே தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குத்தான் இழுபடும்.

கலக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டி "ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று ஒரு உறவினர் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். 200 மில்லி டம்ளர் என்றால் அடர்த்தி ஐந்து மடங்கு, 1,225. உருளைக்கிழங்குத் துண்டை நினைத்துப் பாருங்கள்: தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்குள் இழுபடும், போக்கு இன்னும் மோசமாகும். பாக்கெட்டின்மேல் ஒரு லிட்டரா 200 மில்லியா என்று பார்த்து, காய்ச்சி ஆறிய தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். அதிகச் சர்க்கரை போட்ட பழ ரசங்களுக்கும் குளிர்பானங்களுக்கும் இதே வில்லங்கம் உண்டு.

பாக்கெட் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. நம் வீட்டுச் சர்க்கரை சுக்ரோஸ். குடல் சுவரில் உள்ள நொதி அதை உடைத்துப் பாதியைக் குளுக்கோஸாகக் கொடுத்துவிடும். இளநீர் போதாதா என்று கேட்பார்கள். அதில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. எஸ்.ஜி.எல்.டி.-1 கதவுக்கு வேண்டிய ஜோடியில் ஒரு ஆள் கம்மி.

உப்புப் போட்ட கஞ்சி இளநீரைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. மாவுச்சத்து மூலக்கூறு பெரியது. எத்தனையோ குளுக்கோஸ் சேர்ந்து ஒரே மூலக்கூறாக இருப்பதால் கரைசலின் அடர்த்தி ஏறுவதில்லை. குடல் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து, குளுக்கோஸ் கதவருகிலேயே இறங்குகிறது. காலரா நோயாளிகளுக்கு அரிசி மாவில் செய்த கரைசல் கொடுத்தபோது மலத்தின் அளவு குறைந்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், மீந்ததைக் கொட்டிவிடுங்கள். குழந்தை கண் குழிந்து, துவண்டு, குடிக்கவும் முடியாமல் இருந்தால் கரைசல் கலக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், ரத்தக் குழாயில் சலைன் ஏற்ற வேண்டியிருக்கும்.